மறுபடியும் லாரிக்குப் போகலாமா?



2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, கண் சிகிச்சைப் பிரிவின் திண்ணையில் ஒரு சகோதரர் எங்களுக்காகக் காத்திருந்தார். வயது 51. வேடசந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் காலாவதியான ஓட்டுநர் உரிமம் ஒன்றும், இன்னும் நிரப்பப்படாத மருத்துவச் சான்றிதழ்ப் படிவம் ஒன்றும் இருந்தன.

"ஐயா, டாக்டரம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தாப் போதும். மறுபடியும் லாரிக்குப் போறேன்."

1996 முதல் 2015 வரை பத்தொன்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர் அவர். மனைவிக்கு அறுவை சிகிச்சை, பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் வண்டியை விட்டு இறங்கினார். ஊரில் டீக்கடை வைத்தார். 2020-இல் ஊரடங்கு வந்தபோது கடை மூடிற்று, கடன் மட்டும் மூடவில்லை. பிறகு ஒரு நூற்பாலையில் இரவுக் காவல் வேலை. இப்போது மூத்த மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கட்டணம் பாக்கி. இந்த நேரத்தில் பழைய முதலாளியிடமிருந்து போன் வந்தது: "டிரைவர் இல்லாம வண்டி சும்மா நிக்குதுப்பா, வர்றியா?"

அவர் கேட்டதற்கு அன்று எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இதே கேள்வியோடு வருகிறவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்ல. மாதத்துக்கு இரண்டு பேராவது வார்டிலோ வெளிநோயாளர் வரிசையிலோ எங்களிடம் கேட்கிறார்கள். ஆகவே இந்த மடலில் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று நினைத்தோம். உங்கள் சபையிலோ தெருவிலோ இப்படி ஒரு சகோதரர் இருந்தால், அவரோடு உட்கார்ந்து பேச இது உதவும்.

ஏன் இந்த ஊரில் இந்தக் கேள்வி

திண்டுக்கல் சாலைகள் கூடும் ஊர். சேலம், கரூர் பக்கமிருந்து மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் போகிற வண்டிகள் இவ்வழியே போகின்றன. முன்பு ஏழாம் எண் நெடுஞ்சாலை என்று சொல்லி வந்தோமே, அதுவே 2010-ஆம் ஆண்டு எண் மாற்றத்துக்குப் பிறகு 44-ஆம் எண் ஆனது. திருச்சியிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோவை போகிறது 83. தேனி, குமுளி வழியாகக் கேரளாவுக்கு இறங்குகிறது 183. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏறும் காய்கறியில் பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது. நிலக்கோட்டைப் பூ, சிறுமலை வாழை, வேடசந்தூர் வடமதுரை ஆலைகளின் பஞ்சும் நூலும், பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் என்று எதை எடுத்தாலும், அது ஊரை விட்டு வெளியே போக ஒரு லாரியும் அதை ஓட்ட ஒரு மனிதரும் வேண்டும்.

மழை பொய்த்த வருடங்களில் இந்தச் சமவெளிக் கிராமங்களின் வாலிபர்கள் கிளீனராக ஏறினார்கள், பிறகு டிரைவர் ஆனார்கள். நாற்பது வயது வாக்கில் பலர் இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு விபத்து, ஒருவருக்கு வீட்டில் சாவு. இப்போது வாலிபர்கள் இந்த வேலைக்கு வரத் தயங்குவதால், லாரி முதலாளிகள் பழைய டிரைவர்களைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிற நேரத்தில் வீட்டில் பணத்தேவையும் இருந்தால், மனது ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பது ஆண்டவருடைய உவமைகளில் ஒன்று. லாரிக்குத் திரும்ப நினைக்கிறவருக்கும் அதுவே பொருந்தும். நாங்கள் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் கணக்கு நான்கு: உடம்பு, காகிதம், சாலை, வீடு.

முதல் கணக்கு: உடம்பு

"ஓட்டத் தெரியும்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை அதை மறப்பதில்லை. ஆனால் அந்தக் கையை நடத்துகிற கண்ணும் இரத்தமும் தூக்கமும் பழையபடி இருக்கின்றனவா என்பதே கேள்வி.

கண்ணை எடுத்துக்கொள்வோம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மங்குகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் இது தெரியாது. இரவில், எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்ட பின்பு இருட்டுக்குக் கண் பழக முன்னைவிட நேரமாகிறது. கண்புரை ஆரம்பித்திருந்தால் அந்த விளக்கு ஒரு பெரிய வெள்ளைப் பூவாக விரிந்து சாலையையே மறைத்துவிடும். எங்கள் சகோதரருக்கு வலது கண்ணில் இதுதான் இருந்தது. "ராத்திரி வாட்ச்மேன் வேலை பாக்கேன், ஒண்ணும் தெரியலயேயா" என்றார். ஆலை வாசலில் ஒரு குழல்விளக்கின் கீழ் உட்கார்ந்திருப்பதற்கும், எதிர் வெளிச்சத்தில் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் மருத்துவர் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து சர்க்கரை. இதைச் சற்று கவனமாகப் படியுங்கள். சர்க்கரை கூடினால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநருக்கு உடனடி ஆபத்து சர்க்கரை குறைவதில்தான் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், மருந்து வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு தவறினால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். முதலில் வியர்வை, கை நடுக்கம், பசி. பிறகு குழப்பம். பிறகு நினைவே தப்பும். நீண்ட காலமாகச் சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு அந்த முதல் எச்சரிக்கைகள்கூட வருவதில்லை, நேரே குழப்பத்தில் போய் விழுவார்கள். லாரி வேலையில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. லோடு ஏறும் வரை காத்திருக்க வேண்டும், ஏறிய பின் "உடனே எடு" என்பார்கள். மாத்திரையைக் காலை எட்டு மணிக்குப் போட்டுவிட்டு, இட்லி பதினொரு மணிக்குத்தான் கிடைக்கும் தொழில் இது.

ஆகவே எங்கள் மருத்துவர் இப்படிப்பட்ட மருந்து எடுக்கும் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் ஒழுங்கு இதுதான். வண்டி எடுக்குமுன் விரல் நுனியில் குத்திப் பார்க்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இருக்கையின் கைக்கெட்டும் இடத்தில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ இருக்க வேண்டும். ஒருமுறை இறங்கிவிட்டால், சாப்பிட்டுச் சர்க்கரை ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஏனென்றால் இரத்தம் சரியான பிறகும் மூளை தெளியச் சற்று நேரமாகும்.

மூன்றாவது தூக்கம். மனித உடம்புக்கு ஒரு கடிகாரம் உண்டு. அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரையும், பகலில் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையும் அது நம்மைத் தூங்கச் சொல்கிறது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதமே. அதாவது ஒரு சொட்டும் குடிக்காத நல்ல மனிதர், தூங்காத காரணத்தால் மட்டும், சட்டம் அனுமதிப்பதைவிட அதிகம் குடித்தவர்போல ஓட்டக்கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போகிறது. மூன்று விநாடி கண் அசந்தால் 66 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை.

வீட்டில் பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுதல், காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்தால் உறக்கம் என்று இருந்தால், அது வெறும் அசதி அல்ல, தூக்கத்தில் மூச்சுத்தடை என்ற நோயாக இருக்கலாம். இதைக் கணவர் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாது. மனைவியைத்தான் கேட்க வேண்டும். ஆகவேதான் எங்கள் மருத்துவர்கள் ஓட்டுநரைப் பரிசோதிக்கும்போது மனைவியையும் உள்ளே அழைக்கிறார்கள். டீயும் பீடியும் தூக்கத்துக்கு மாற்று அல்ல. ஒரு காப்பி குடித்துவிட்டு இருபது நிமிடம் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணயர்வது ஓரளவு உதவும். அதற்கும் தூக்கமே முழுமையான மருந்து.

முதுகுவலி, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி பற்றியும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே மருத்துவர் பார்ப்பது இதனால்தான் அவசியம்.

இரண்டாம் கணக்கு: காகிதம்

பல பேர் நினைத்துக்கொண்டிருப்பது, "லைசென்ஸ் இருக்கு, புதுப்பிச்சா போதும்" என்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சரக்கு வாகன உரிமம் மூன்று வருடத்துக்குப் பதிலாக ஐந்து வருடத்துக்கு வழங்கப்படுகிறது. இது நல்ல செய்தி. ஆனால் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் போய்விட்டால், மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். முன்பு இந்த அவகாசம் ஐந்து ஆண்டுகளாக இருந்தது. எங்கள் சகோதரரின் உரிமம் 2017-லேயே முடிந்துவிட்டது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரியது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடமே அதைத் திரும்பக் கேட்கக்கூடும். "ஒரு நடைதானே, போய்ட்டு வந்துரு" என்கிற முதலாளிக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. பள்ளிப்படிப்புக் குறைவு என்பதால் தயங்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தோடு இரண்டு படிவங்கள் உண்டு. படிவம் 1 ஓட்டுநர் தாமே கையெழுத்திடும் உறுதிமொழி. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா, வலிப்போ திடீர் நினைவிழப்போ தலைச்சுற்றலோ உண்டா, மாலைக்கண் உண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. படிவம் 1-ஏ மருத்துவர் கையெழுத்திடுவது. சர்க்கரை நோய் என்று தனிக் கேள்வி இல்லாவிட்டாலும், தாம் ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோய் ஏதும் உண்டா என்று ஓட்டுநரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எழுதுவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன், நாங்கள் இளம் ஊழியராக வேறொரு இடத்தில் இருந்தபோது, நீண்ட நோயிலிருந்து எழும்பிய ஒரு ஓட்டுநருக்காக மருத்துவரிடம் பரிந்து பேசினோம். "பிள்ளைகள் பட்டினி, டாக்டர். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றோம். மருத்துவரும் மனமிரங்கிக் கையெழுத்திட்டார். மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை, அய்யலூர் பக்கம் அவர் கண்ணயர்ந்து வண்டி புளியமரத்தில் மோதியது. அவர் பிழைத்தார். உடனிருந்த கிளீனர் பையனின் வலது கை போயிற்று. பையனுக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோ. அவனுடைய தாய் எங்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் பேச்சு அதில் உண்டென்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து யாருடைய கையெழுத்துக்காகவும் நாங்கள் சிபாரிசு பேசுவதில்லை. இரக்கம் என்று நினைத்து நாங்கள் கொடுத்ததற்கு, எங்களை அறியாத ஒரு பையன் விலை கொடுத்தான்.

மூன்றாம் கணக்கு: சாலையும் வண்டியும்

பத்து வருடம் முன்பு இறங்கியவர் இன்று ஏறினால் வேறு உலகம். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது எல்லைகளின் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வாளையாறில் மணிக்கணக்கில் நின்ற காலம் போயிற்று. அந்த நிற்கும் நேரம் தொந்தரவுதான் என்றாலும், அங்கேதான் டிரைவர்கள் தூங்கினார்கள். 2018 ஏப்ரலில் மின்வழிச் சீட்டு வந்தது. 2021 முதல் அதன் கணக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டாக் கட்டாயம். வண்டி எங்கே நிற்கிறது என்பதை முதலாளி போனிலேயே பார்க்கிறார். "ஏன் நிக்குது?" என்று இரவு ஒரு மணிக்குக் கேட்கவும் செய்கிறார்.

2020 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகள் பி.எஸ். 6 தரத்தவை. பெரும்பாலான லாரிகளில் டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும், அது தீர்ந்தால் எஞ்சின் இழுவை குறைந்துவிடும். பழைய டாட்டாவையும் லேலண்டையும் ஒரு ஸ்பானரோடு சரி செய்தவர்கள், இப்போது பலகையில் எரியும் ஒரு சின்ன விளக்கைப் பார்த்துக் கம்பெனி ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நன்மையும் உண்டு. ஸ்டியரிங் இலகு, பிரேக் நம்பத்தக்கது. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஊரில் கூப்பிடுகிற முதலாளியிடம் இருப்பது பெரும்பாலும் பழைய வண்டிதான். எந்த வண்டி என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு மாற்றம் உண்டு. 2018-இல் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்ற விதி எடுக்கப்பட்டது. ஆகவே நீண்ட நடைக்குத் தனியாகவே அனுப்பக்கூடும். சட்டமும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. முந்தைய சட்டத்தில் அது இரண்டு ஆண்டு. விபத்துக்குப் பின் தெரிவிக்காமல் ஓடினால் பத்து ஆண்டு வரை என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

நான்காம் கணக்கு: வீடு

பணக் கணக்கைக் கணவனும் மனைவியும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்றா, வாடகையில் பங்கா? ரிட்டன் லோடு கிடைக்காமல் கிடக்கும் நாட்களுக்கு யார் சாப்பாடு போடுவது? மாத்திரை, சர்க்கரை பார்க்கும் பட்டை, கண்ணாடி ஆகியவற்றின் செலவு எவ்வளவு? மாதத்தில் எத்தனை இரவு வீட்டில்? இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் இப்போதைய வருமானத்தோடு ஒப்பிட வேண்டும். போனில் முதலாளி சொன்ன தொகையை அல்ல.

முன்பணம் வாங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகளின் கட்டணத்துக்காகப் பழைய முதலாளி ஒரு தொகையை முன்கூட்டியே தர முன்வந்திருந்தார். நல்ல மனதுதான். ஆனால் முன்பணம் வாங்கிய ஓட்டுநருக்கு, "தூக்கம் வருது முதலாளி, மணப்பாறைல நிறுத்திட்டேன்" என்று சொல்லும் வாய் அடைத்துப்போகும். நாங்கள் பார்த்த விபத்துகள் பலவற்றின் பின்னால் குடி இல்லை, வேகமும் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாத ஒரு மனிதர் இருந்தார். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளிக்கும் அவருடைய டிரைவருக்கும் நடுவே இருப்பது வாய்ப்பேச்சு மட்டுமே. ஆகவே ஏறுமுன் அந்தப் பேச்சைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

நான்கு கணக்கையும் பார்த்த பின் நாங்கள் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "வண்டியை ஓட்ட முடியும், சரி. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த உங்களால் முடியுமா? உடம்பு அறிவிக்குமா? முதலாளி விடுவாரா? கடன் விடுமா?" இதற்கு ஆம் என்று சொல்ல முடிந்தவர் தாராளமாகப் போகலாம்.

அப்படிப் போனவர்களும் உண்டு. நத்தம் பக்கத்து சகோதரர் ஒருவர், வயது 38, கால் முறிந்து நான்கு ஆண்டு வீட்டில் இருந்தவர். கால் நன்றாகக் கூடிவிட்டது, கண் தெளிவு, சர்க்கரை இல்லை. உரிமத்துக்குத் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, இரண்டு ஓட்டுநர் வைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இன்றும் ஓட்டுகிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் வார்டுக்கு வந்து எங்களைப் பார்க்கிறார். "போகாதே" என்று அவரை நிறுத்தியிருந்தால் அது அநியாயமாக இருந்திருக்கும்.

வேடசந்தூர் சகோதரர் என்ன செய்தார்

டாக்டரம்மா அன்று கையெழுத்திடவில்லை. அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 10-ஐத் தாண்டியிருந்தது. அவர் எங்களிடம் கோபித்துக்கொண்டார். "நீங்க கூட இப்படிச் செஞ்சா நான் எங்கயா போவேன்?" என்றார். நாங்கள் அய்யலூர் கதையை அவரிடம் சொன்னோம். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

மே மாதத்தில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கான செலவு உங்கள் காணிக்கையிலிருந்து சந்திக்கப்பட்டது. சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். இரவுக் காவலைப் பகல் காவலாக மாற்றித் தர ஆலைக்காரர்கள் சம்மதித்தார்கள். ஜூலை முடிவில் சர்க்கரைச் சராசரி 7.4-க்கு வந்தது. அப்போது டாக்டரம்மா, நாங்கள் யாரும் கேட்காமலே, படிவத்தில் கையெழுத்திட்டார். ஓட்டுநர் பள்ளியின் கனரக வண்டியில் பழகி, செப்டம்பரில் தேர்ச்சி பெற்று உரிமம் வாங்கினார்.

முதலாளியிடம் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம், பழைய நண்பர் ஒருவரோடு இரண்டாவது டிரைவராக ஒரே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவருடைய மனைவிதான் யோசனை சொன்னார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிப் பொள்ளாச்சி வழியாகக் கேரளா போனார்கள். நான்காம் நாள் எங்களைப் பார்க்க வந்தார்.

"கை மறக்கலங்கய்யா. வண்டி ஏறுன அஞ்சே நிமிஷத்துல எல்லாம் வந்துருச்சு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பாலக்காட்டுப் பக்கம், நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன், எந்த ஊரு தாண்டுனோம்னு எனக்கே தெரியல. ஓரங்கட்டி நிறுத்திட்டு அவனை ஓட்டச் சொல்லிட்டேன்."

"நிறுத்தினீர்களே, தம்பி," என்றோம்.

"ஆமாங்கய்யா. அவன் இருந்தான், நிறுத்துனேன். தனியா இருந்தா நிறுத்தியிருப்பேனான்னு யோசிச்சேன். தக்காளி, அழுகுற லோடு. நிறுத்தியிருக்க மாட்டேன்."

பழைய முதலாளியிடம் அவர் முன்பணம் வாங்கவில்லை. இப்போது அவர் காவல் இருந்த ஆலையிலேயே ஒரு லாரி ஓட்டுகிறார். கரூருக்கும் திருப்பூருக்கும் நூல் ஏற்றிப் போய், பெரும்பாலும் அன்று இரவே வீடு திரும்புகிறார். நேரமாகிவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்ள ஆலை மேலாளர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெளியூர் நடையில் கிடைக்கக்கூடிய பணம் இதில் இல்லை. காவல் வேலையைவிட அதிகம். மகளின் மீதிக் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கும் உதவி உண்டு என்பதைச் சொல்லி அனுப்பினோம். ஓட்டுநர் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது, நீங்களும் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்பானவர்களே, இரவில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஓரமாக நிற்பதைப் பார்த்தால், பழுது என்றோ சோம்பல் என்றோ எண்ணிவிடாதீர்கள். தூக்கம் வந்ததும் நிறுத்தத் துணிந்த ஒரு மனிதர் அதற்குள் படுத்திருக்கலாம். அவருக்காகவும், அவரை எதிர்பார்த்து வீட்டில் விழித்திருப்பவர்களுக்காகவும் ஒரு நிமிடம் ஜெபித்துக்கொள்ளுங்கள். மகளின் கல்விக் கடன் விஷயத்தையும் உங்கள் ஜெபக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி அந்தத் தாய் கேட்டுக்கொண்டார்கள்.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்